கேபினில் ஆள் இருக்கிறாரா? – வாசகர் கேள்வி பதில்

திரையரங்கின் ஒளி, ஒலி பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லி இந்தப் பகுதியில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மனக்குறைதான்: வீட்டு டிவியில் தெரிவதுகூடத் தியேட்டரில் தெரியவில்லை. புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த நாளிலிருந்து டிஜிட்டல் சர்வர் வரைக்கும் புரொஜெக்டர் பக்கத்திலேயே காலம் கழித்தவன் நான். இந்தக் குறையில் நியாயம் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: ஐயா, ஒரு படத்தைத் தியேட்டரில் பார்த்தேன். இரவுக் காட்சிகளில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரியவில்லை. எல்லாம் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. சில வாரம் கழித்து அதே படம் ஓடிடியில் வந்தது. வீட்டு டிவியில் நெற்றியில் வழிகிற வியர்வைகூடத் தெரிகிறது. கோளாறு என் கண்ணிலா, ஒளிப்பதிவிலா?

இரண்டிலும் இல்லை அம்மா. அரங்கில் வெளிச்சம் போதவில்லை.

வண்ணம் சரிபார்க்கும் அறையில் ஒளிப்பதிவாளர் உட்கார்ந்து, இந்த நிழலுக்குள் முகம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிறாரே, அந்த அறையின் திரைக்கு ஓர் அளவு உண்டு. வெறும் வெள்ளையைத் திரையில் அடித்து மீட்டர் வைத்துப் பார்த்தால் 48 நிட் இருக்க வேண்டும். நிட் என்பது திரையின் பிரகாசத்தை அளக்கிற அலகு. பழைய கணக்கில் 14 ஃபுட்-லாம்பர்ட். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2002-ல் கூட்டாக அமைத்த டி.சி.ஐ., 2005-ல் வெளியிட்ட டிஜிட்டல் சினிமா விதிமுறையிலும் இதே அளவுதான். அரங்குகளுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, 11 முதல் 17 ஃபுட்-லாம்பர்ட் வரை இருக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். அரங்கில் இது 6, 7 என்று இறங்கிவிட்டால் பகல் காட்சி எப்படியோ தப்பித்துவிடும், கண் பழகிக்கொள்ளும். இரவுக் காட்சி தப்பிக்காது. நிழலுக்குள் ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து வைத்த விவரம் அத்தனையும் முதலில் போய்விடும்.

வெளிச்சம் எங்கே போகிறது? முதல் இடம் புரொஜெக்டரின் லாம்ப். செனான் வாயு அடைத்த லாம்புக்கு, அதன் வாட்டைப் பொறுத்து, சில நூறு மணியிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் மணி வரை ஆயுள் சொல்வார்கள். அந்த ஆயுளுக்குள்ளேயே குமிழின் உள்பக்கம் கறுத்துக்கொண்டு வரும், வெளிச்சம் படிப்படியாகக் குறையும். மணி முடிந்த பிறகும் கழற்றாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கரண்டைக் குறைத்தால் லாம்ப் நிறைய நாள் வரும் என்று நம்பி, போட்ட அன்றிலிருந்தே குறைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அளவு மீறிக் குறைத்தால் சுடர் ஆடும், படம் மினுக்கும். லாம்புக்குப் பதிலாக லேசர் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது உண்மை. ஆனால் இருபதாயிரம் மணி, முப்பதாயிரம் மணி என்று போடுகிறார்களே, அது பெரும்பாலும் வெளிச்சம் பாதியாகும் வரைக்குமான கணக்கு. லேசர்தானே என்று மீட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடக் கூடாது.

இரண்டாவது, போர்ட் கண்ணாடி. புரொஜெக்டர் இருக்கிற கேபினுக்கும் அரங்குக்கும் நடுவே இருக்கிற சின்ன ஜன்னல். படம் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி அதன் ஓரத்தில் ஓர் இழு இழுத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை வந்தால், அந்தப் பட்டையின் வழியாகத்தான் இத்தனை நாள் படம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி மங்கினால் வெளிச்சம் குறைவது மட்டுமல்ல. ஒளி சிதறி, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பால் கலந்தாற்போல் ஆகிவிடும். நீங்கள் சொன்ன சாம்பல் பூச்சுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். துடைக்க ஐந்து நிமிடம் போதும்.

மூன்றாவது, 3டி-க்குப் போட்ட வடிகட்டியையோ லென்ஸையோ சாதாரணப் படத்துக்குக் கழற்றாமல் விடுவது. 2011 மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் குளோப் நாளிதழ் இதைப் பற்றி விரிவாக எழுதியது. ஒரு வகை 4கே புரொஜெக்டரில் 3டி லென்ஸை மாற்றாமல் விட்டால் படம் 85 சதவீதம் வரை இருண்டுபோகலாம் என்றது அந்தக் கட்டுரை. கண்டுபிடிக்கிற வழியும் எளிது. 2டி படம் ஓடும்போது திரும்பிக் கேபின் ஜன்னலைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றை வந்தால் 3டி லென்ஸ் இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. எல்லா வகை இயந்திரத்திலும் இப்படித் தெரியாது. சிலவற்றில் ஒரே கற்றைதான், அதன் முன்னே வடிகட்டி நிற்கும்.

அப்புறம் உங்கள் டிவி. அது ஓஎல்இடி என்றால் கறுப்பு வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளியையே அணைத்துவிடும். புரொஜெக்டரால் அது முடியாது. விதிமுறை கேட்கிற மாறுபாடே, அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதமே, 2000-க்கு 1 தான். வீட்டுக்கு வருகிற எச்.டி.ஆர். பதிப்பை (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே அதிக வீச்சு உள்ளது) வேறு வெளிச்ச அளவுக்கென்று தனியாகவே வண்ணம் சரிசெய்வதும் உண்டு. அதனால் இருட்டில் டிவி முந்துவதில் வியப்பில்லை. ஆனால் சரியான வெளிச்சத்தில் ஓடுகிற அரங்கில், யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாமல் போகவே போகாது.

கேள்வி: தியேட்டரிலும் டிவி மாதிரி மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு படம் ஓட்டுகிறார்களே, ஏன்?

வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

இன்றைய படங்கள் பெரும்பாலும் இரண்டு வடிவத்தில் வரும். உயரம் ஒன்று என்றால் அகலம் 1.85 இருப்பது ஃபிளாட். அகலம் 2.39 இருப்பது ஸ்கோப். டிவியை மிஞ்ச வேண்டும் என்றுதான் 1953-ல் சினிமாஸ்கோப்பையே கொண்டுவந்தார்கள். ஸ்கோப் என்றால் படம் பெரிதாக வேண்டும், அதுதான் நோக்கம். நன்றாகக் கட்டிய அரங்கில் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புத் துணி இருக்கும், மாஸ்கிங் என்போம். ஃபிளாட் படத்துக்கு அது உள்ளே வரும். ஸ்கோப் என்றால் மோட்டார் ஓடி, துணி இரண்டு பக்கமும் விலகி, திரை அகலமாகிக்கொண்டே போகும். படத்தின் விளிம்பு துணியின் மேல் ஒரு விரல் அகலம் ஏறி நிற்கும்படி வைப்போம். துணி அந்த ஒளியைக் குடித்துவிடும், விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும்.

புதிதாகக் கட்டுகிற பல அரங்குகளில் மாஸ்கிங்கே கிடையாது. சுவருக்குச் சுவர் 1.85 அளவில் ஒரு திரை. அதில் ஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் காலியிடம். திரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது. பெரிதாக வேண்டிய படம் சிறிதாகிறது. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் காலியிடம் கறுப்பாகவும் இருக்காது. புரொஜெக்டரின் கறுப்பு உண்மையில் கருஞ்சாம்பல், அது அங்கே மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உண்மையான கறுப்புத் துணி இருந்தால் நம் கண் படத்துக்குள் இருக்கிற கறுப்பையும் ஆழமாகப் பார்க்கும். பக்கத்தில் சாம்பல் பட்டை இருந்தால் படமே வெளுத்துப்போகும். வீட்டில் ஓஎல்இடி டிவியில் விளக்கை அணைத்துவிட்டால் அதே பட்டைகள் இருட்டோடு கலந்து மறைந்துவிடுகின்றன. ஸ்கோப் படத்தை டிவி தியேட்டரைவிட அழகாகச் சட்டமிடுகிறது என்ற நிலைமைக்கு வந்திருக்கிறோம்.

மாஸ்கிங்குக்கு மோட்டார், தண்டவாளம், துணி, அவ்வளவுதான் சாதனம். அது நடுவில் சிக்கினால் பார்ப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாததால் துணியையும் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: வசனம் காதில் விழுவதில்லை, சண்டைக் காட்சி வந்தால் காது அடைக்கிறது. வீட்டில் சப்டைட்டில் போட்டுப் பார்த்துப் பழகிவிட்டோம். சவுண்டை யார் கெடுக்கிறார்கள்?

இதில் பழி பலபேருக்குப் போகும். படத்தைக் கலக்கும்போதே வசனத்தை இசைக்கு அடியில் புதைத்துவிடுகிறவர்களும் உண்டு. அரங்கின் பங்கை மட்டும் சொல்கிறேன்.

தியேட்டர் ஒலிச் செயலியில் ஒரு எண் இருக்கும். டால்பி கருவியில் 7 என்பதுதான் நிர்ணயித்த அளவு. அந்த 7-ல், சோதனை ஒலியைப் போட்டால் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் இருக்கையில் 85 டெசிபல் தரும்படி அரங்கை அமைத்திருக்க வேண்டும். படத்தின் ஒலியை முடிவு செய்ததும் அதே 85-ல்தான். இனி நடப்பதைப் பாருங்கள். விளம்பரமும் ட்ரெய்லரும் அலறும். யாராவது ஒருவர் வெளியே போய்ப் புகார் சொல்வார். ஊழியர் எண்ணை 5-க்கோ 4-க்கோ இறக்குவார். படம் தொடங்கியதும் திரும்ப ஏற்ற யாரும் வருவதில்லை. 7-லிருந்து 4-க்கு வந்தால் சுமார் 10 டெசிபல் குறைவு, காதுக்குப் பாதி சத்தம் போல் இருக்கும். குண்டு வெடித்தால் அப்போதும் கேட்கும். மெல்லப் பேசுகிற அம்மாவின் வசனம் ஏசி இரைச்சலில் முழுகிவிடும்.

இன்னொன்று. வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஒரே ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. திரையில் நுண்ணிய துளைகள் இருப்பதே அந்த ஒலி வெளியே வருவதற்காகத்தான். அந்த ஸ்பீக்கரில் கூர்மையான ஒலிகளைத் தருகிற பாகமான உயர் அதிர்வெண் டிரைவர் போய்விட்டால் பேச்சு நிற்காது, ஒலி மந்தமாகிவிடும். ‘ச’, ‘ஷ’, ‘ஸ’ எல்லாம் தேய்ந்து, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். பார்வையாளர்கள் நடிகரின் உச்சரிப்பைக் குறை சொல்லிவிட்டுப் போவார்கள். மாதக்கணக்கில் இப்படி ஓடிய ஓர் அரங்கில் நானே போய் டிரைவரை மாற்றியிருக்கிறேன். அதுவரை ஒருவர்கூட அந்த அரங்கில் உட்கார்ந்து ஒரு வசனத்தைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கேள்வி: பக்கத்துச் சீட்டுக்காரர் செல்போனைத் திறந்தால் படமே போய்விடுகிறது. நான் மட்டும்தான் இப்படி எரிச்சல்படுகிறேனா?

இல்லை தம்பி, இது வெறும் எரிச்சலும் இல்லை. சினிமாத் திரையின் மிகப் பிரகாசமான வெள்ளையே 48 நிட். செல்போன் திரை பல நூறு நிட் தரக்கூடியது. அது சின்னதாக இருந்தாலும் உங்கள் கண்ணின் பாவை அதைப் பார்த்துச் சுருங்கிவிடும், திரும்ப இருட்டுக்குப் பழக நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் திரையில் இருண்ட காட்சி ஓடினால் உங்களுக்கு அது கிடையாது.

கேள்வி: ஐயா, நான் ஒரு பல்திரை வளாகத்தில் வேலை பார்க்கிறேன். எல்லாத் திரைகளுக்கும் சேர்த்து நான் ஒருவன்தான். கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டுவிட்டால் விளக்கு அணைவது, படம் தொடங்குவது எல்லாம் தானாக நடக்கிறது. அரங்குக்குள் போய்ப் பார்க்க நேரமே இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

தம்பி, உங்கள் கடிதத்தை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டேன். மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

நான் தொழில் கற்றபோது இரண்டு புரொஜெக்டர் இருக்கும். இரண்டாயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 22 நிமிடம் ஓடும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி பளிச்சென்று வந்து போகும். அதைப் பார்த்ததும் அடுத்த இயந்திரத்தின் மோட்டாரைப் போட வேண்டும். சில வினாடியில் இரண்டாவது புள்ளி. அதற்கு ஒளியை மாற்றிவிட வேண்டும். தவறவிட்டால் வெள்ளைத் திரை, அரங்கம் முழுக்க விசில். அதனால் ஆபரேட்டரின் கண் திரையை விட்டு நகராது. புள்ளிக்காகப் பார்க்கிறவன் கண்ணில் ஃபோகஸ் இளகியதும் படும், ஒரு மூலை இருண்டதும் படும். கார்பன் குச்சி எரிந்து தேயத் தேய அதன் இடைவெளியையும் கவனிக்க வேண்டும். அந்த இயந்திரம் மனிதனைப் பக்கத்திலேயே கட்டிப்போட்டிருந்தது. அதுதான் அதன் பெரிய நன்மை என்று இப்போது தெரிகிறது.

பிறகு எல்லா ரீலையும் ஒட்டி ஒரே தட்டில் சுற்றுகிற பிளாட்டர் வந்தது. ஒரே ஆள் பல திரைகளைப் பார்க்கலாம் என்றார்கள். 2009-க்குப் பிறகு 3டி அலையோடு டிஜிட்டல் வேகமாகப் பரவியது. பிரிண்ட் கீறல் போனது, ஆட்டம் போனது, முதல் நாள் காட்சியும் ஐம்பதாவது நாள் காட்சியும் ஒன்றுபோல் ஆயின. இவையெல்லாம் பெரிய நன்மைகள், நான் மறுக்கவில்லை. கூடவே கேபின் காலியானது. வீட்டில் டிவி பார்க்கிறவர் தன் படத்துக்குத் தானே ஆபரேட்டர். மங்கினால் ரிமோட்டை எடுப்பார், சத்தம் போதாவிட்டால் கூட்டுவார். தியேட்டரில் அந்த ரிமோட் யார் கையிலும் இல்லை.

எல்லாக் காட்சியையும் நீங்கள் பார்க்க முடியாது. ஒவ்வொரு திரையிலும் அன்றைய முதல் காட்சியின் முதல் சில நிமிடத்தைப் பாருங்கள். கதவில் நின்று எட்டிப்பார்க்காமல், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவில் உட்காருங்கள். ஒலியை அளவிடுகிற இடம் அதுதான். டைட்டில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா? நடுவில் கூர்மையாக இருந்து ஓரத்தில் இளகுகிறதா? எழுத்தைச் சுற்றிச் சிவப்பு, நீலச் சாயல் தெரிகிறதா? தெரிந்தால் புரொஜெக்டரின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறமும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரவில்லை, சர்வீஸுக்குச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் நடுவில் நின்று பேசுகிற காட்சி வரும் வரை இருந்து வசனத்தைக் கேளுங்கள். செயலியில் எண் என்ன என்று பாருங்கள். விளம்பரம் அலறினால் விளம்பரத்துக்கு மட்டும் தனி அளவு வைக்க ஆட்டோமேஷனில் வழி இருக்கிறது. படத்துக்கு 7-ஐ விட்டுவைக்கலாம். போர்ட் கண்ணாடியை வாரத்துக்கு ஒருமுறையாவது துடையுங்கள். லாம்ப் மணியை ஒரு நோட்டில் எழுதி மேலாளர் மேசையிலேயே வையுங்கள், அவர் கண்ணில் படட்டும். வெளியேறும் வழி விளக்கின் ஒளி திரையில் விழுகிறதா என்று ஒருநாள் புரொஜெக்டரை மூடிவைத்துப் பாருங்கள். விளக்கை அணைக்கக் கூடாது, அது பாதுகாப்பு. ஒளி திரைப் பக்கம் போகாமல் ஒரு மறைப்பு வைக்கலாம்.

இதற்கு நேரம் ஒதுக்கித் தரச் சொல்லி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். நாற்காலியை மாற்றச் செலவு செய்கிறவர்கள் திரையைப் பார்க்க ஒரு ஆளுக்கு நேரம் தரலாம்.

கேள்வி: 65 அங்குல 4கே டிவி வாங்கிவிட்டேன். பல தியேட்டர்கள் இன்னும் 2கே தானாமே. இனி தியேட்டர் எதற்கு சார்?

2கே, 4கே என்கிற புள்ளிக் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தியேட்டருக்கு வருகிற டிஜிட்டல் கோப்புத் தொகுப்பான டி.சி.பி.-யில் படத்துக்கு மட்டும் வினாடிக்கு 250 மெகாபிட் வரை இடமுண்டு, ஒலி சுருக்கப்படாமல் வருகிறது. ஓடிடியில் 4கே படம் சுமார் 15 முதல் 25 மெகாபிட்டில் வருகிறது. புகை, மூடுபனி, அந்திவானம் வரும்போது பாருங்கள், வானத்தில் படிப்படியாகக் கோடு தெரியும். சுருக்கியதன் அடையாளம் அது.

வாங்கிய டிவியை ஒழுங்காகப் பயன்படுத்தவும் சொல்லிவிடுகிறேன். மோஷன் ஸ்மூத்திங் என்றோ வேறு பெயரிலோ ஒரு வசதி கடையிலிருந்து வரும்போதே போட்டிருக்கும். வினாடிக்கு 24 சட்டமாக (ஃபிரேம்) எடுத்த படத்துக்கு நடுவில் டிவி தானாகச் சட்டங்களை உண்டாக்கும், படம் நாடகத் தொடர் மாதிரி ஆகிவிடும். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைக்கச் சொல்லி வீடியோவே போட்டார்கள். டிவியில் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போடுங்கள், அதுவே அணைத்துவிடும். திரை அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில், அதாவது உங்கள் டிவிக்குச் சுமார் 2.2 மீட்டரில் உட்காருங்கள். வீட்டில் பெரும்பாலோர் இதைவிடத் தள்ளித்தான் உட்காருகிறோம்.

இதையெல்லாம் செய்தும், நன்றாகப் பராமரிக்கிற அரங்கில் ஒரு முகம் திரை முழுக்க நிறைந்து, அந்த வாய் இருக்கிற இடத்திலிருந்தே குரல் வருகிற அனுபவம் வீட்டில் எனக்குக் கிடைத்ததில்லை. அப்படி ஓர் அரங்கு கிடைக்கிற வரை தேடுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டிலேயே பாருங்கள், மங்கிய திரைக்கு விசுவாசம் காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: படம் சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது? டிக்கெட் கிழிப்பவரிடம் சொன்னால் “அப்படித்தான் சார் வந்திருக்கு” என்கிறார்.

அவரிடம் அதற்குச் சாவி இல்லை. மேலாளரைக் கேளுங்கள். படம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் போங்கள். இடைவேளையில் சொன்னால் பாதிப் படம் போயிருக்கும். “கிளியரா இல்ல” என்று சொன்னால் ஆறுதல்தான் கிடைக்கும். “வலது ஓரத்தில் சப்டைட்டில் எழுத்து இளகியிருக்கிறது”, “நடு ஸ்பீக்கர் மந்தமாக இருக்கிறது”, “2டி படத்துக்கு இரண்டு ஒளிக்கற்றை வருகிறது”, “சவுண்ட் எத்தனையில் வைத்திருக்கிறீர்கள், 7-ல் இருக்கிறதா?” என்று கேளுங்கள். அரங்க எண்ணையும் காட்சி நேரத்தையும் சொல்லுங்கள். ஃபோகஸ், சத்தம், படத்தின் வடிவம் இவற்றைக் காட்சி நடக்கும்போதே சரிசெய்யலாம். லாம்ப், ஸ்பீக்கர் என்றால் அன்று முடியாது. வேறு காட்சிக்கு மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேளுங்கள், பிறகு எழுத்திலும் அனுப்புங்கள். பக்கத்தில் இருப்பவரையும் கூட அழைத்துப் போனால் நல்லது. ஒருவர் சொன்னால் அவருக்குக் கண் சரியில்லை என்பார்கள். மூன்று பேர் சொன்னால் கேபினுக்கு ஆள் போவார்.